சந்தேகமும் ஜெபம்தான்
சந்தேகம் வந்தாலே விசுவாசம் போய்விட்டது என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வேதாகமத்தில், மாற்கு சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் விசுவாசிக்கிறேன் என்கிறான். அதே மூச்சில், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கண்ணீரோடு கதறுகிறான். இயேசு அவனைத் துரத்தவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். துயரத்தில் பாடிய ஜெபமான 88ஆம் சங்கீதமோ ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லாமலே முடிகிறது. அதுவும் வேதத்தில்தானே இருக்கிறது! அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்த இரண்டு வருடமும் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அதைத்தான். மருத்துவமனை டோக்கன் சீட்டு இன்னும் அந்தப் பக்கத்தில் மடங்கிக் கிடக்கிறது. அம்மா போய்விட்டார்கள். ஏன் ஆண்டவரே என்று இன்றைக்கும் அவரிடம்தான் கேட்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கும் போகிறேன்.