குடைக்கு வந்த வாழ்வு

(பெரிய மியூசியம் ஒன்றின் அடித்தளக் கிடங்கு. ஜன்னல் கிடையாது, கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள். ராகவன் தன்னார்வலராக, அதாவது சம்பளம் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மீனாட்சிக்குப் பதினோரு வருட அனுபவம்.)

ராகவன்: மேடம், போன செவ்வாய்க்கிழமை இந்த மூலையில் ஒரு குடையை வைத்துவிட்டுப் போய்விட்டேன். பார்த்தீர்களா?

மீனாட்சி: கருப்புத் துணி, மரப் பிடி, இரண்டு கம்பி வளைந்திருக்குமே?

ராகவன்: அதேதான்! எங்கே?

மீனாட்சி: அது உங்களுடையது என்று இன்றைக்குச் சொல்கிறீர்கள். அன்றைக்கு அதில் பெயர் இல்லை, சீட்டு இல்லை, பதிவு எண்ணும் இல்லை. கிடங்கில் அப்படி ஒரு பொருள் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்களே?

ராகவன்: தற்காலிக எண் கொடுத்து, படம் எடுத்து, விவரம் எழுதி... ஐயோ!

மீனாட்சி: எழுதிவிட்டேன். வாசிக்கிறேன், கேளுங்கள். "குடை. செய்தவர் தெரியவில்லை. காலம்: 1950-க்கு முன் இருக்கலாம். நிலை: மிக மோசம்."

ராகவன்: போன வருடம்தான் மேடம் வாங்கினேன்!

மீனாட்சி: ஒரே வருடத்தில் இந்த நிலைக்குக் கொண்டுவந்தீர்களா? இருங்கள், அதையும் குறித்துக்கொள்கிறேன். (பென்சிலால் எழுதுகிறார். கிடங்குக்குள் பேனாவுக்கு இடமில்லை. மை பட்டால் பட்டதுதான்.)

ராகவன்: சரி, எழுதியது எழுதியதாக இருக்கட்டும். குடை எங்கே?

மீனாட்சி: ஃப்ரீசரில்.

ராகவன்: எதற்கு, கெட்டுப்போய்விடும் என்றா?

மீனாட்சி: அந்துப்பூச்சி சார்! வெளியிலிருந்து எது வந்தாலும் பாலித்தீன் உறையில் கட்டி உறைய வைத்த பிறகுதான் உள்ளே விடுவோம். மைனஸ் 30 டிகிரி என்றால் மூன்று நாள் போதும். நம் ஃப்ரீசர் மைனஸ் 18-ஐத் தாண்டாது, அதனால் இரண்டு வாரம்.

ராகவன்: அது நைலான் மேடம். அந்து நைலானைத் தின்னுமா?

மீனாட்சி: தின்னாது. மடிப்பில் முட்டையாக உட்கார்ந்து வரும். பொரிந்து வெளியே வருகிற புழுவுக்குப் பக்கத்து அலமாரியில் கம்பளியும் இறகும் விருந்து. மூன்று வாரமாக ஒட்டுப்பொறியில் பூச்சி எண்ணுகிறீர்களே, எதற்கென்று நினைத்தீர்கள்?

ராகவன்: அதை ஏன் கேட்கிறீர்கள். ராஜாக்களின் வாளைப் பாதுகாக்கிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று பேரன், "எத்தனை வாள் தாத்தா?" என்றான். வாய் தவறி, "நான்கு கம்பள வண்டு, ஒரு சிலந்தி" என்றேன்.

மீனாட்சி: அந்த வண்டின் பங்காளியை எலும்புப் பிரிவில் தீனி போட்டு வளர்க்கிறார்கள், தெரியுமா? எலும்புக்கூட்டில் ஒட்டியிருக்கும் சதையை அதைவிடச் சுத்தமாக யாராலும் எடுக்க முடியாது. அண்ணனுக்குத் தனி அறை, தம்பிக்கு ஒட்டுப்பொறி.

ராகவன்: எனக்குக் குடை வேண்டும். உரிமையாளர் உயிரோடு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

மீனாட்சி: உயிரோடு இருப்பதெல்லாம் ஒரு ஆதாரமா சார்? பிரிட்டிஷ் மியூசியத்தில் 1846-ல் எகிப்திலிருந்து வந்த பாலைவன நத்தையை, வெறும் ஓடு என்று நினைத்து அட்டையில் ஒட்டிவிட்டார்கள். 1850-ல் பார்த்தால் அட்டையில் ஏதோ கறை. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் நத்தை தலையை நீட்டியது.

ராகவன்: நான்கு வருடம் கழித்தா?

மீனாட்சி: ஆமாம். நத்தையே நேரில் எழுந்து வந்ததால் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் குடை எழுந்து வந்து சொல்லட்டும், பார்க்கலாம்.

ராகவன்: (யோசித்து, குரலைத் தாழ்த்தி) சரி... இனி அதைக் காட்சிக்கு வைப்பார்களோ?

மீனாட்சி: ஆசையைப் பாருங்கள்! அதே பிரிட்டிஷ் மியூசியத்தில் குறைந்தது 80 லட்சம் பொருள் இருக்கிறது. வெளியே மக்கள் பார்ப்பது சுமார் 80,000. நூற்றுக்கு ஒன்று. மிச்சமெல்லாம் இதுபோல அலமாரியில்தான்.

ராகவன்: அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இங்கே குடைக்கே வாழ்வு வந்து அற்பன் நனைகிறேன். அதில் எண் ஏதும் எழுதிவிடவில்லையே?

மீனாட்சி: பிடியில் எழுதியாயிற்று. பயப்படாதீர்கள், அடியில் ஒரு பூச்சு, நடுவில் எண், மேலே ஒரு பூச்சு. அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். துணியில் எண் எழுதிய நாடாவைத் தைத்திருக்கிறேன், நூலை வெட்டினால் போதும். பிறகு பிரித்தெடுக்க முடியாத எதையும் செய்யக் கூடாது சார். கெய்ரோ மியூசியத்தில் 2014-ல் பழைய எகிப்து மன்னன் துட்டன்காமுன் முகமூடியின் தாடி கழன்றது. எபாக்சி பசையால் ஒட்டிவிட்டார்கள். அப்புறம் நிபுணர்கள் வந்து மரக் கருவிகளால் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ராகவன்: அப்படியானால் துடைத்து, வெட்டி, கையில் கொடுங்கள்.

மீனாட்சி: பதிவிலிருந்து நீக்கக் குழு கூட வேண்டும். காப்பாட்சியர் வெளியூரில் இருக்கிறார். வேண்டுமானால் ஒன்று செய்யலாம். இரவல் படிவம் இருக்கிறது. மற்ற மியூசியங்கள் கேட்டால் கொடுப்பதில்லையா? அதுபோல ஆறு மாதத்துக்கு உங்களுக்கு இரவல்.

ராகவன்: என் குடையை எனக்கே இரவலா? (வெளியே இடி இடிக்கிற சத்தம் இங்கே வரை கேட்கிறது.) சரி, கொடுங்கள். எங்கே கையெழுத்து?

மீனாட்சி: முதலில் நிபந்தனைகளை வாசியுங்கள். நைட்ரைல் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். துணி என்பதால் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது.

ராகவன்: வெயிலுக்குப் பிடிக்க முடியாது. போகட்டும், அடுத்தது?

மீனாட்சி: எந்தச் சூழ்நிலையிலும் தண்ணீர் படக் கூடாது.