மத்தில்டின் பெயரில் வந்த கடிதம்

டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய மத்தில்ட் என்ற சிறுமி பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தது என்று சொல்லி ஒரு கடிதம் பகிரப்பட்டுவருகிறது. அந்தப் பதிவின் கீழ் எனக்குக் கிடைத்த மறுமொழிகளை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் எழுதியது இரண்டே வரி: அந்தக் கடிதத்தை ஆய்வாளர்கள் பரிசோதித்திருக்கிறார்கள், கையெழுத்தைப் பற்றி அவர்கள் வலுவான ஐயம் எழுப்பியிருக்கிறார்கள், பகிர்பவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காகக் கல்நெஞ்சக்காரர் என்றார்கள், செத்த குழந்தையின் கடிதத்திலும் குற்றம் பார்ப்பவர் என்றார்கள். பல ஆண்டுகளாக என் எழுத்தைப் படித்துவரும் ஒருவர், "உங்களுக்கெல்லாம் மனிதர்களைவிட ஆதாரம்தான் பெரிது" என்று எழுதிவிட்டு நட்பிலிருந்தும் விலகினார். பதில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

மத்தில்ட் லெஃபெவ்ர் உண்மையில் வாழ்ந்த சிறுமி. வட பிரான்சின் லியேவேன் என்ற சுரங்க ஊரைச் சேர்ந்தவள், வயது 12. தாயோடும் தம்பி தங்கைகளோடும் 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்ப்டனில் டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பில் ஏறினாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தந்தையிடம் போய்ச் சேர வேண்டிய பயணம் அது. தாயும் நான்கு பிள்ளைகளும் ஆக ஐவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 2017இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், ஃபண்டி விரிகுடாக் கரையில், ஒரு பாட்டிலுக்குள் இவள் பெயரில் ஒரு கடிதம் கிடைத்தது. தேதி 1912 ஏப்ரல் 13. அட்லாண்டிக்கின் நடுவே இந்தப் பாட்டிலைக் கடலில் எறிகிறேன், இன்னும் சில நாள்களில் நியூயார்க் சேர்வோம், கண்டெடுப்பவர் லியேவேனில் உள்ள எங்கள் குடும்பத்துக்குத் தெரிவியுங்கள் என்பதுதான் அதன் செய்தி.

ரிமூஸ்கியில் உள்ள கியூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பொறுமையாக ஆராய்ந்தார்கள். பாட்டிலின் கண்ணாடியும் தக்கையும் அந்தக் காலத்தோடு முரண்படவில்லை. நடுக்கடலில் எறிந்த பாட்டில் அந்தக் கரைக்கு வந்து சேர்வது அரிது, ஆனால் நடக்கவே நடக்காததன்று. இடித்தது கையெழுத்துதான். அக்காலப் பிரெஞ்சுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்த, எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து எழுதும் முறையோடு அது பொருந்தவில்லை. இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1880களின் சட்டங்களால் கல்வி கட்டாயமாகிவிட்ட நாடு. எஃகு முள் பேனாவை மையில் தோய்த்து, மேலே போகும் கோடு மெல்லியதாகவும் கீழே இறங்கும் கோடு தடித்தும் வர வேண்டும் என்று நாள்தோறும் பயிற்சி கொடுத்த வகுப்பறைகள். அப்படிப் பழகிய கை, எந்த எழுத்தை எங்கே தொடங்குவது, அடுத்ததோடு எங்கே சேர்ப்பது என்று யோசித்து எழுதுவதில்லை. பழக்கம் தானாக வந்துவிடும். போலி எழுதுபவருக்கு வருவது அவர் படித்த பள்ளியின் பழக்கம்.

தமிழில் இதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை பள்ளிகளில் ணை, லை, ளை, னை நான்கையும் துதிக்கை போல மேலே வளைத்துத்தான் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிக் கற்றவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை கையை மாற்றிக்கொள்ளவில்லை. என் அப்பாவின் சித்தப்பா அவர்களில் ஒருவர். தனுஷ்கோடியில் ஒரு கருவாட்டு மண்டியில் கணக்கு எழுதினார். 1964 டிசம்பர் புயலில் போனவர்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. வெகுகாலம் கழித்து, தூரத்து உறவு ஒருவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். புயலுக்குச் சில நாள்களுக்கு முன் சின்னத் தாத்தா எழுதியதாம். வாங்கிய கடனுக்குக் கிணற்றடி நிலத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. பழுப்பேறிய பழைய கணக்கு நோட்டுத் தாள். சின்ன அப்பத்தா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அன்று இரவு முழுவதும் தலைமாட்டிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் அப்பா தகரப் பெட்டியிலிருந்து சின்னத் தாத்தாவின் பழைய கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதிய கடிதத்தில் 'நிலை', 'இல்லை' எல்லாம் நாம் இன்று எழுதுகிற லை. பெரியார் 1935 முதலே தம் இதழில் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டவர். ஆகவே 1964இல் எவருமே அப்படி எழுதியிருக்க முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இவருடைய பெட்டிக் கடிதங்களில் ஒன்றில்கூட அது கிடையாது. அதைவிட முக்கியம், கோட்டின் ஓட்டம். நாளெல்லாம் பேரேடு எழுதிய கை அவருடையது, எழுத்து ஓடும். இந்தக் கடிதத்திலோ 'கு'வின் சுழிப்பில் பேனா நின்று மைப்பொட்டு வைத்திருந்தது, 'ழ'வின் வாலை இழுத்துவிட்டு மறுபடி மேலே திருத்தியிருந்தது. எழுதிய எழுத்துக்கும் பார்த்து வரைந்த எழுத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிந்தது. நிலம் போகவில்லை. ஆனால் சின்ன அப்பத்தா நிலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "ராத்திரி பூரா அவருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேனேடா" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்தவன் நான். என்னிடம்தான் மனிதர்களைப் பற்றிச் சொல்கிறார்கள்.

"தாள் பழையது, பாட்டில் பழையது, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். பழைய தாள் எந்த வீட்டுப் பரணிலும் கிடைக்கும். தாள் பொருந்தாவிட்டால் கடிதம் பொய். தாள் பொருந்திவிட்டால் கடிதம் மெய் என்று ஆகிவிடாது. கப்பல் மூழ்கிய செய்தி உலகம் முழுவதும் பரவியிருந்த அந்த நாள்களிலேயே யாரோ ஒருவர் பழைய பாட்டிலோடு இதைச் செய்திருந்தால், எல்லாப் பொருளும் காலத்தோடு பொருந்தத்தானே செய்யும்?

கையெழுத்து வல்லுநர்களே 1983இல் ஹிட்லர் எழுதியதாக வெளியான போலி நாட்குறிப்பில் ஏமாந்தார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அவர்கள் ஏமாந்ததற்கு முக்கியக் காரணம், ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளில் சிலவற்றையும் நாட்குறிப்பைப் போலியாக எழுதிய அதே கோன்ராட் கூயாவ் எழுதியிருந்ததுதான். போலியைப் போலியோடு ஒப்பிட்டால் பொருந்தத்தான் செய்யும். பிறகு தாளில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே தாளில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டும் வேதிப்பொருள் இருப்பது ஆய்வகத்தில் தெரிந்து குட்டு உடைந்தது. ஆகவே மாதிரி யாருடையது என்று முதலில் கேளுங்கள் என்பதுதான் அந்தக் கதை தரும் பாடம். கையெழுத்தைப் பார்க்காதீர்கள் என்பதன்று. கையெழுத்தை வைத்துக் குணமும் எதிர்காலமும் சொல்கிறவர்களோடு இந்த வேலையைச் சேர்த்துப் பேசியவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"பொய்யாகவே இருக்கட்டும், யாருக்கு என்ன நட்டம்? படித்தவர்கள் அந்தக் குழந்தைக்காக அழுதார்களே" என்ற வாதம்தான் என்னை அதிகம் காயப்படுத்தியது. அழுதது அவளுக்காகவா? அவள் வாயில் யாரோ வைத்த வார்த்தைகளுக்காக அழுதிருக்கலாம். அவளுடைய தந்தை மனைவி மக்களைத் தேடி அலைந்தபோது, அவர் முறையின்றிக் குடியேறியவர் என்பது அதிகாரிகளுக்குத் தெரியவந்து, ஐந்து பேரைக் கடலுக்குக் கொடுத்த அந்த மனிதரைப் பிரான்சுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதில் ஒரு வரிகூட அந்தப் பதிவில் இல்லை. நடந்தது இவ்வளவு இருக்க, நடந்ததா என்றே தெரியாத ஒன்றுதான் ஆயிரக்கணக்கில் பகிரப்படுகிறது.

எல்லாப் பாட்டில் கடிதங்களையும் நான் சந்தேகிக்கவில்லை. அதே கப்பலில் போன அயர்லாந்து இளைஞர் ஜெரமையா பர்க்கின் சிறு குறிப்பு 1913இல் அவருடைய ஊர் அருகிலேயே கரையொதுங்கியது. புறப்படும்போது தாய் கொடுத்த தீர்த்தப் பாட்டிலில் அது இருந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பாதுகாத்துப் பின்னர் கோவ் நகரக் காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே மகனை அறிந்த வீடு இருந்தது. மத்தில்ட் பெயரில் வந்த கடிதத்தைப் பார்த்து, இது என் பெண்ணின் எழுத்து, அல்லது இல்லை, என்று சொல்லத் தாயும் இல்லை, உடன்பிறந்தவர்களில் அவளோடு போனவர்களும் இல்லை. அதனால்தான் அந்நியர்களான ஆய்வாளர்கள் அவள் படித்த பள்ளியின் எழுத்துமுறையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்களையா ஈரமில்லாதவர்கள் என்கிறீர்கள்?

பதிவை நீக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. ஆய்வு முடிவை அதன் கீழே இரண்டு வரியாகச் சேர்க்கச் சொன்னேன். அது இன்னும் சேர்க்கப்படவில்லை; நான் எழுதிய கருத்து மட்டும் நேற்றிரவு நீக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் இதை என் பக்கத்தில் எழுதுகிறேன்.