கடல்குதிரை பத்துக் காசுக்கு ஆயிரம் வெள்ளியா?

கடல்குதிரை படம் போட்ட 1967ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்ப் பத்துக் காசு "கிடைப்பதற்கரியது, ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும்" என்று ஒரு கட்டுரையில் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் காசு மில்லியன் கணக்கில் வெளியானது. எங்கள் அப்பாவின் மைலோ டின்னிலேயே இருபதுக்கு மேல் கிடக்கிறது, ஓரமெல்லாம் தேய்ந்து. சேகரிப்பாளர்களுக்கென்று குறைவாக அச்சிட்ட புரூஃப் காசு வேறு, கடையில் மீதி வாங்கிய காசு வேறு. இரண்டும் ஒரே ஆண்டு என்பதால் அதன் விலையை இதற்குச் சொல்வது தப்பு.

ஒருவர் இணையத்தில் கேட்கும் விலையும் சந்தை விலை ஆகாது. விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

இப்படி ஒரு செய்தியை நம்பித்தான் எங்கள் புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் பழைய காசுகளைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுபோனார். கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்து, கீறல்களைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தேய்க்காமல் இருந்தால் ஒன்றிரண்டுக்காவது நல்ல விலை கிடைத்திருக்கும். அவர் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம், இந்தியாவில் வைஷ்ணோ தேவி உருவம் உள்ள ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று வரும் வாட்ஸ்அப் செய்தியும் இதே வகைதான். இந்திய ரிசர்வ் வங்கியே, தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம் வாங்குவதாகக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021இல் எச்சரித்தது. முன்பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.