கடைமடைக் கணக்கு

(நாகப்பட்டினம் மாவட்டம். காவிரியின் கடைமடையில் ஒரு டீக்கடை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் மனு போகாத அலுவலகம் மாவட்டத்தில் இல்லை. மூன்று மா நிலம் வைத்திருக்கும் கோவிந்தன் எதிரே வந்து உட்காருகிறார்.)

கோவிந்தன்: இன்றைக்கு யார் மேல் மனு, ஐயா?

வாத்தியார்: கன அடியின் மேல். அணை நிலவரத்தை மெட்ரிக் அளவில் வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன்.

கோவிந்தன்: கன அடிக்கு என்ன குறை? தண்ணீர்தான் குறை.

வாத்தியார்: மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-இல். படி போயிற்று, வீசை போயிற்று...

கோவிந்தன்: தாத்தாவின் வீசைக்கல் எங்கும் போகவில்லை. மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

வாத்தியார்: என்னையே 58 வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நூறு கோடி கன அடியைச் சேர்த்துச் சொல்கிற இந்த டி.எம்.சி.க்கு மட்டும் ஓய்வே கிடையாதா? சரி, மேட்டூரின் கொள்ளளவு என்ன, சொல்.

கோவிந்தன்: 93.47 டி.எம்.சி. எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லும்.

வாத்தியார்: ஒரு டி.எம்.சி. எத்தனை லிட்டர்?

கோவிந்தன்: (தலையைச் சொறிந்து) அந்தப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

வாத்தியார்: ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். அணையின் முழு நீர்மட்டம்?

கோவிந்தன்: 120 அடி.

வாத்தியார்: மத்திய நீர் ஆணையத்தின் பட்டியலில் 240.79 மீட்டர் என்று இருக்கிறது. அதாவது 790 அடி.

கோவிந்தன்: (எழுந்தே விடுகிறார்) மீதி 670 அடித் தண்ணீரை யார் ஒளித்துவைத்திருக்கிறார்கள்?

வாத்தியார்: உட்கார், உட்கார். அது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. இங்கே சொல்வது அணையிலுள்ள அளவுகோலின் கணக்கு.

கோவிந்தன்: அப்படியானால் மீட்டரில் போட்டாலும் குழப்பம் தீராதே?

வாத்தியார்: தீராது. அதற்குத் தனி மனு வைத்திருக்கிறேன்.

(டீ வருகிறது.)

கோவிந்தன்: எனக்குத் தெரிந்தது குழியும் மாவும்தான், ஐயா. இந்த வயதில் மீட்டர் எதற்கு?

வாத்தியார்: உன் பட்டாவை எடுத்துப் பார். பரப்பு எதில் இருக்கிறது? ஹெக்டேரில். மழையை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். அணைக்கு மட்டும் அடி. மழையையும் அணையையும் வயலையும் நீ எப்படிச் சேர்த்துக் கூட்டுவாய்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். அவ்வளவு சுலபம். உன் மூன்று மா ஓர் ஏக்கர், சுமார் 4,047 சதுர மீட்டர். நேற்று 20 மில்லிமீட்டர் பெய்தது. பெருக்கு.

கோவிந்தன்: நீங்களே பெருக்குங்கள். வாத்தியார் நீங்கள்தான்.

வாத்தியார்: கிட்டத்தட்ட 81,000 லிட்டர்.

கோவிந்தன்: என் வயலிலா? கடையில் லிட்டர் இருபது ரூபாய்க்கு விற்கிறானே! பதினாறு லட்சம் ரூபாய்! எல்லாவற்றையும் நேற்று ராத்திரி நானே மண்வெட்டியால் வெட்டி வடித்துவிட்டேனே!

வாத்தியார்: பார்த்தாயா, மெட்ரிக்கில் சொன்னதும் உறைக்கிறது.

கோவிந்தன்: உறைக்கவில்லை, ஐயா, எரிகிறது. கொடுங்கள் மனுவை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும்.

வாத்தியார்: என்ன?

கோவிந்தன்: அணையில் இருக்கிற தண்ணீரை லிட்டரில் போடட்டும், மீட்டரில் போடட்டும். கடைமடைக்கு வருகிற தண்ணீரையும் தினமும் போட வேண்டும்.

வாத்தியார்: நியாயமான கோரிக்கை. எந்த அளவில் கேட்கலாம்?

கோவிந்தன்: வந்தது, வரவில்லை. அந்த அளவில் போதும்.