வெள்ளைச் சாப்பாட்டுல கோழி எதுக்கு?

கொழுந்தன்: அண்ணி! பாயசத்துல கோழி விழுந்து கெடக்கு!

அண்ணி: விழல தம்பி. போட்டிருக்கேன். அது பாயசமும் இல்ல.

கொழுந்தன்: பிளமாஞ்சுன்னுதானே சொன்னீங்க? வெள்ளையா, வழுவழுன்னு, தட்டினா ஆடுமே? "1390-ல இங்கிலாந்து ராஜா சாப்பிட்ட ஸ்வீட், அப்படியே அசல்"னு எட்டுப் பேரைக் கூப்பிட்டுட்டேன்!

அண்ணி: ரெண்டாம் ரிச்சர்டு ராஜா. அவரோட சமையக்காரங்க எழுதிவச்ச குறிப்பு 1390 வாக்குல வந்தது. முதல் வரியே "காயடிச்ச சேவலை வேகவை"ன்னு இருக்கு. ஆடுற ஜெல்லி எல்லாம் ரொம்பப் பின்னால வந்த வழக்கம்.

கொழுந்தன்: கோழியை மட்டும் எடுத்துட்டா?

அண்ணி: நோன்பு நாள்ல எடுப்பாங்க. எடுத்துட்டு மீன் போடுவாங்க. போடவா?

கொழுந்தன்: ஐயையோ. சரி, இந்தாங்க, பாதாம் பால் ரெண்டு டப்பா.

அண்ணி: பின்பக்கம் படிங்க.

கொழுந்தன்: தண்ணி... பாதாம் 2 சதவீதம்...

அண்ணி: மீதியைக் குழாய்லயே புடிச்சிருக்கலாம். பாருங்க, கோழி சின்னத் தீயில 50 நிமிஷம் வெந்துச்சு. தளதளன்னு கொதிக்கவிட்டா நெஞ்சுக்கறி சக்கையாயிரும். அந்தச் சாறு 1 லிட்டர், பாதாம் 200 கிராம். கொதிதண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுத்தா, ரெண்டு விரலால அழுத்தும்போதே தோல் வழுக்கிட்டு வரும். தோலோட அரைச்சா பால் பழுப்படிக்கும். பிளமாஞ்சுன்னா பிரெஞ்சுல 'வெள்ளைச் சாப்பாடு'ன்னு அர்த்தம்; பழுப்பாச்சுன்னா பேரே பொய்யாயிரும்.

கொழுந்தன்: மிக்ஸியில ஒரே சுத்து?

அண்ணி: வறட்டா ஓட்டினா எண்ணெய் விட்டுக்கும், அப்புறம் பாலே வராது. வெதுவெதுப்பான சாறைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அரைச்சு, துணியில பிழியணும்.

கொழுந்தன்: பாஸ்மதி போடலாம்ல? பணக்கார அரிசி.

அண்ணி: அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. இது குழையணும். குட்டை அரிசி 150 கிராம், கழுவிப் போட்டு 35, 40 நிமிஷம். கையெடுக்காம கிண்டணும். பாதாம் அடியில போய் உக்காந்து கருகும். கோழியை நூல் நூலாப் பிய்ச்சுக் கடைசியில போடணும். முன்னாடியே போட்டா நார்தான் மிஞ்சும். அப்புறம் பன்னிக்கொழுப்பு 1 ஸ்பூன், சர்க்கரை 2 ஸ்பூன், உப்பு.

கொழுந்தன்: இந்த அளவெல்லாம் ராஜா குறிப்புல இருக்கா?

அண்ணி: அதுல அளவும் இல்ல, நேரமும் இல்ல. வேலை தெரிஞ்சவன் வேலை தெரிஞ்சவனுக்கு எழுதினது. இது என் கணக்கு.

கொழுந்தன்: ஆங்! அப்ப நீங்களும் மாத்தியாச்சு! நானும் கண்டென்ஸ்டு மில்க், வெனிலா எசன்ஸ், ஏலக்காய்...

அண்ணி: குறிப்பு பேசாத இடத்துல நான் பேசுறேன். பேசுற இடத்துல நீங்க அதோட வாயைப் பொத்துறீங்க. வெனிலா மெக்சிகோ பக்கத்துக் கொடி. 1390-ல கொலம்பஸ் பொறக்கவே இல்ல.

கொழுந்தன்: கோழியை மட்டும் எடுத்துட்டா?

அண்ணி: மீன்.

கொழுந்தன்: ஸ்வீட்டுல கோழி போட்டு யாரு சாப்பிடுவா அண்ணி?

அண்ணி: துருக்கியில இன்னிக்கும் சாப்பிடுறாங்க. கோழி நெஞ்சுக்கறி போட்ட பால் இனிப்பு, இஸ்தான்புல் கடையில கேட்டா கிடைக்கும்.

கொழுந்தன்: எனக்குக் காரணம் தெரியும். அந்தக் காலத்துல ஃபிரிட்ஜ் இல்ல. கெட்டுப்போன கறி நாத்தம் தெரியாம இருக்கத்தான் சர்க்கரை, மசாலா எல்லாம் கொட்டினாங்க.

அண்ணி: கோழி கொல்லையில மேயுது. சர்க்கரையும் மிளகும் கப்பல்ல வருது. கறி கெட்டுப்போனா கொல்லையில இன்னொரு கோழியைப் புடிப்பானா, கப்பல் சரக்கை அதுமேல கொட்டுவானா? மிளகு வாங்க வசதி இருக்கிறவனுக்கு நல்ல கறி வாங்க வசதி இருக்காதா? இதை எல்லாரும் சொல்றாங்க, ஒருத்தர்கூட விலையைக் கேக்கல.

கொழுந்தன்: சரி விடுங்க. மேல முந்திரியாவது வறுத்துப் போடலாமா?

அண்ணி: எண்ணெய்ல பொரிச்ச பாதாம். அப்புறம் சர்க்கரை பூசின சோம்பு.

கொழுந்தன்: ஹோட்டல்ல பில்லோட வைப்பாங்களே, அதா?

அண்ணி: கிட்டத்தட்ட அதேதான். சிவப்பு இல்லன்னா வெள்ளைன்னு குறிப்புல இருக்கு. பச்சை, மஞ்சளைப் பொறுக்கி நீங்க வாயில போட்டுக்குங்க.

கொழுந்தன்: ஆக கண்டென்ஸ்டு மில்க் கிடையாது, பாஸ்மதி கிடையாது, வெனிலா கிடையாது. நான் பண்ணியிருந்தா அசல்ல என்னதான் மிஞ்சியிருக்கும்?

அண்ணி: வருஷம்.

கொழுந்தன்: இருங்க, போன்... சொல்லு மச்சான். ஆமா, ஸ்வீட்தான். ...இல்ல, வெஜ் இல்ல. ...ஸ்வீட்தான்டா! ...அண்ணி, வர்றவங்கள்ல ரெண்டு பேரு கறி தொடமாட்டாங்களாம். கோழியை மட்டும்...

அண்ணி: மீன் கடை ஏழு மணிக்கு மூடிருவான் தம்பி. ஓடுங்க.