நவம்பர் ஸ்கோரை வைத்து முடிவு கட்டாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் த்ரீயின் கூடைப்பந்து அணிகளை, சீசன் தொடங்கும் நவம்பர் மாதப் பெரிய வெற்றிகளை வைத்தே ஒரு கட்டுரை வரிசைப்படுத்தியிருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. 2012 நவம்பர் 20 அன்று அயோவாவின் கிரின்னல் கல்லூரி, ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரியை 179-104 என்று வென்றது. கிரின்னலின் ஜாக் டெய்லர் மட்டும் 138 புள்ளிகள்! மொத்தம் 108 முறை கூடையை நோக்கி எறிந்தார், அதில் 71 மூன்று புள்ளி முயற்சிகள். தோற்ற அணியின் டேவிட் லார்சனும் 70 எடுத்தார், அதைப் பலரும் பேசுவதே இல்லை. கிரின்னலின் பாணியே அப்படித்தான்: மைதானம் முழுக்க நெருக்குவார்கள், அடிக்கடி ஐந்து பேரையும் ஒன்றாக மாற்றுவார்கள். ஸ்கோர் எகிறத்தான் செய்யும். கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், அதாவது ஒரே லீக் குழுவில் உள்ள அணிகள் தங்களுக்குள் மோதும் ஆட்டங்கள், சூடுபிடிக்கட்டும். சம பலமுள்ள எதிரணி வந்து, பந்தைப் பதறாமல் கடத்தும்போது யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் வரிசைப்படுத்துங்கள்.