வயது வரிசையும் பிறந்த ஆண்டும்

ஒரு பதிவில் படித்தது: அமெரிக்காவில் இளையவர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம், முதியவர்கள் குடியரசுக் கட்சிப் பக்கம், ஆகவே தலைமுறை மாறினால் குடியரசுக் கட்சி தானாகவே கரைந்துவிடும்.

இதில் ஒரு சின்னச் சறுக்கல். இன்றைய முதியவர்கள் நேற்றைய இளையவர்கள்தானே! இளவயதில் போட்ட ஓட்டையே ஒருவர் வாழ்நாள் முழுக்கப் போடுவார் என்று அந்தப் பதிவின் கணக்கு நம்பிக்கொள்கிறது. இளைஞர் ஓட்டும் எப்போதும் ஒரே பக்கம் இருந்ததில்லை. 1984இல் முப்பது வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் குடியரசுக் கட்சியின் ரீகனுக்குப் போட்டார்கள். 2008இல் அதே வயதினரில் 66 சதவீதம் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு.

நீங்களே சரிபார்க்கலாம். ஒவ்வொரு தேர்தலின் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பிலும் வயதுவாரி அட்டவணை இருக்கும், இணையத்தில் இலவசம். ஒரே ஆண்டு அட்டவணையை மேலிருந்து கீழே படிக்காதீர்கள். ஆண்டு நகர நகர வயதையும் நகர்த்திச் சாய்வாகப் படியுங்கள். 2008இன் 18–29, 2024இல் ஏறத்தாழ 30–44 வரிசைக்கு வந்திருக்கும். அங்கே ஜனநாயகக் கட்சியின் பங்கு அந்த 66க்கு வெகு கீழே. வேட்பாளரும் சூழலும் வேறுதான், சரி. ஆனால் ஓட்டு உறைந்து கிடக்கவில்லை என்பது தெரிகிறதே.

இளவயதில் மனதில் பதிந்த கட்சிச் சாய்வு கொஞ்சம் நிலைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. 'தானாகவே' என்ற சொல்தான் தவறு.